மேற்கோள் எண்ணிக்கை எதை எண்ணுகிறது?

ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் ஒவ்வோர் ஆய்வுக்கட்டுரைக்கும் எதிரே அதன் மேற்கோள் எண்ணிக்கையை, அதாவது பிற கட்டுரைகள் அதை எத்தனை முறை எடுத்தாண்டன என்பதை, எழுத ஒரு கட்டம் இருக்கும். இந்த ஆண்டு அந்தக் கட்டங்களை நிரப்பும்போது, மண் வேதியியலில் நான் எழுதிய இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்து நின்றன. முதலாவது, உழாமல் விடப்பட்ட நிலத்தில் பாஸ்பரஸ் எந்தெந்த வடிவங்களுக்கு மாறுகிறது என்பதை ஆறு பருவங்கள் தொடர்ந்து அளந்து எழுதியது. என் பணிகளுள் ஆகச் சிறந்தது அதுதான் என்று இன்றும் நம்புகிறேன். அதற்கு எதிரே 14 என்று எழுதினேன். இரண்டாவது, ஆய்வகத்திற்கு வந்த மண் மாதிரிகளை எப்படி உலர்த்தி, எப்படிச் சலித்து, எத்தனை நாள் வரை வைத்திருந்தால் அளவீடு பிறழாது என்பதைச் சொல்லும் நான்கு பக்கச் செய்முறைக் குறிப்பு; மூன்றே வாரத்தில் எழுதி முடித்தது. அதற்கு எதிரே 240 என்று எழுதினேன்.

செய்முறைக் குறிப்பு பலருக்குப் பயன்பட்டிருக்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்தப் படிவத்தைப் படிக்கப்போகும் குழுவினர் மண்ணியலர் அல்லர். அவர்கள் கண்ணுக்கு 240 என்பது பெரிய பணி, 14 என்பது சிறிய பணி. அப்படியானால் இந்த எண் உண்மையில் எதை எண்ணுகிறது என்ற கேள்வி பல நாள் என்னை விடவில்லை. இதுபற்றி நடந்த ஆய்வுகளைத் தேடிப் படித்தபின் எனக்கு ஏற்பட்ட முடிவு இதுதான்: மேற்கோள் எண்ணிக்கையில் கட்டுரையின் தரத்துக்கு ஒரு பங்கு உண்டு, ஆனால் அந்தக் கட்டுரை யார் கண்ணில், எந்த வேளையில், எந்த இடத்தில் பட்டது என்பதற்குப் பல சமயம் அதைவிடப் பெரிய பங்கு உண்டு.

செய்முறைக் கட்டுரைகள் முந்துவது என் துறையில் மட்டும் நடப்பதன்று. அறிவியல் வரலாற்றிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டதாக 2014-இல் ‘நேச்சர்’ இதழ் வெளியிட்ட பட்டியலில் முதலிடம் பெற்றது, ஒரு கரைசலில் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறையைப் பற்றி ஆலிவர் லவ்ரியும் அவருடைய குழுவினரும் 1951-இல் எழுதிய கட்டுரை. அதற்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள். அடுத்த இரண்டு இடங்களும் புரத ஆய்வுக்கான செய்முறைகளுக்கே போயின. இதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒரு கருத்தை ஏற்றுக்கொண்டவர் அதைத் தம் சிந்தனையில் கரைத்துக்கொண்டு, எங்கிருந்து பெற்றோம் என்பதையே மறந்துவிடலாம். ஆனால் ஒரு செய்முறையைக் கையாண்டவர் அதன் பெயரையும் மூலத்தையும் கட்டுரையில் எழுதியே ஆக வேண்டும். சார்புக் கோட்பாட்டைப் பயன்படுத்துகிற பெரும்பாலோர் இன்று ஐன்ஸ்டீனின் 1905-ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. மிகப் பெரிய கருத்துகள் பொதுச்சொத்தாகிவிடும்போது மேற்கோள் பட்டியலிலிருந்து அவை மறைந்துபோகின்றன என்பதைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் முன்பே சுட்டிக்காட்டியிருக்கிறார்.

இந்தக் கணக்கு எப்படித் தொடங்கியது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் மேற்கோள் அட்டவணை என்ற யோசனையை முன்வைத்தபோது, அமெரிக்க வழக்கறிஞர்கள் ஒரு தீர்ப்பைப் பின்வந்த தீர்ப்புகள் எங்கெங்கே எடுத்தாண்டன என்று பார்ப்பதற்கு வைத்திருந்த அட்டவணையே அவருக்கு முன்மாதிரியாக இருந்தது. ஒரு கட்டுரையிலிருந்து புறப்பட்டு, அதை எடுத்தாண்ட பின்னாளைய கட்டுரைகளைத் தேடிச் செல்வதற்கான கருவி அது. 1964-இல் அச்சில் வந்த அந்த அட்டவணை நூலகத்துக்குரியது, தேடுபவருக்கு வழிகாட்டுவது. தேடுவதற்காகச் செய்த கருவியே பிற்பாடு ஆளை நிறுக்கும் தராசாக மாறியது.

துறைக்குத் துறை இந்த எண்ணிக்கை வேறுபடுவது ஊரறிந்த செய்தி என்பதால் அதை நீட்டவில்லை. உயிரணு உயிரியலில் ஒரு கட்டுரையின் பட்டியல் நீளமானது, ஆய்வாளர்கள் ஏராளம், இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் மேற்கோள்கள் குவிந்துவிடும். கணிதத்தில் பட்டியல் குறுகியது, ஆய்வாளர்கள் குறைவு, ஒரு தேற்றம் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் எடுத்தாளப்படும். இரண்டு துறைகளின் எண்களை அப்படியே ஒப்பிடுவது மாம்பழத்தையும் பலாப்பழத்தையும் எண்ணிக்கையில் ஒப்பிடுவதைப் போன்றது. ஆனாலும் பல குழுக்கள் இன்றும் அதைச் செய்கின்றன.

எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது, ஒரே தரம் வெவ்வேறு எண்ணிக்கையைப் பெறுகிறது என்பதற்கான சான்று. தரத்தைத் தனியே பிரித்து நிறுத்திக் காட்டுவது எளிதன்று. நல்ல இதழில் வந்ததால் அதிகம் எடுத்தாளப்பட்டதா, நல்ல கட்டுரை என்பதாலேயே நல்ல இதழில் இடம் பெற்றதா என்ற முடிச்சு எப்போதும் குறுக்கே நிற்கும். இந்த முடிச்சை வான்சான் லாரிவியேரும் இவ் ஜிங்க்ராவும் 2010-இல் அழகாக அவிழ்த்தார்கள். சில கட்டுரைகள், ஏதேதோ காரணங்களால், ஒரே வடிவில் இரண்டு இதழ்களில் வெளியாகிவிடுவதுண்டு. அப்படிப்பட்ட 4,532 இணைகளை அவர்கள் கண்டெடுத்தார்கள். உள்ளடக்கம் ஒன்றே, ஆசிரியர்கள் அவர்களே. மாறியது இதழ் மட்டும்தான். தாக்கக் காரணி (ஓர் இதழின் கட்டுரைகள் பெறும் சராசரி மேற்கோள் அளவு) அதிகமுள்ள இதழில் வந்த பிரதிக்கு, மற்றதைவிடச் சராசரியாக இரு மடங்கு மேற்கோள்கள் கிடைத்திருந்தன. ஒரே விளக்கைக் குன்றின் மேலும் குடத்தின் உள்ளும் ஒருசேர வைத்துப் பார்த்த சோதனை என்று இதைச் சொல்லலாம்.

தாக்கக் காரணியே நம்பத் தகுந்த அளவுகோல் அன்று என்பது தனிக்கதை. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பெறும் சராசரிதான் அது. படிகவியல் இதழ் ஒன்றின் தாக்கக் காரணி 2-ஐ ஒட்டியே இருந்துவந்தது. 2008-இல் ஜார்ஜ் ஷெல்ட்ரிக் படிகங்களின் அணு அமைப்பைக் கண்டறிய உதவும் தம்முடைய ஷெல்எக்ஸ் மென்பொருளைப் பற்றி அதில் ஒரு கட்டுரை எழுதினார். அந்த மென்பொருளைப் பயன்படுத்திய அனைவரும் அக்கட்டுரையை மேற்கோள் காட்டியதால், 2009-ஆம் ஆண்டுக் கணக்கில் இதழின் எண் 49-ஐத் தாண்டியது. அந்த ஆண்டுகளில் அதே இதழில் எழுதிய மற்றவர்களின் கட்டுரைகள் முன்பு இருந்த மாதிரியேதான் இருந்தன. ஓர் இதழின் சராசரியை வைத்து அதில் எழுதிய ஒருவரை மதிப்பிடலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

கண்ணில் படுவதற்கும் மேற்கோளுக்கும் உள்ள உறவை மிகத் துல்லியமாகக் காட்டியது, ஆய்வுக்கென்று யாரும் திட்டமிடாமல் நேர்ந்த ஒரு வேலைநிறுத்தம். ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ என்ற மருத்துவ இதழில் வரும் ஆய்வுகளுள் சிலவற்றை ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளேடு செய்தியாக வெளியிடுவது வழக்கம். அப்படிச் செய்தியான கட்டுரைகள், செய்தியாகாதவற்றைவிட முதல் ஆண்டில் 72.8 விழுக்காடு கூடுதலாக மேற்கோள் பெற்றன என்றும், அந்தச் சாய்வு பத்து ஆண்டுகள் வரை நீடித்தது என்றும் 1991-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நாளேட்டின் செய்தியாளர்கள் நல்ல கட்டுரைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கலாமே என்று யாரும் கேட்பார்கள். அதற்கான விடை 1978-இல் இருந்தது. அந்த ஆண்டு நாளேட்டில் வேலைநிறுத்தம் நடந்த 12 வாரங்களில், ஆவணத்துக்காக மட்டும் பதிப்பு தயாரிக்கப்பட்டது; அது வாசகர் கைக்குப் போகவில்லை. செய்தியாளர்கள் வழக்கம்போலவே கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து எழுதியிருந்தார்கள். அந்தப் பன்னிரண்டு வாரங்களில் தேர்வான கட்டுரைகளுக்குக் கூடுதல் மேற்கோள் எதுவும் கிடைக்கவில்லை. அதே தேர்வு, அதே கண்கள். நாளேடு வாசலில் வந்து விழாததால் பயனும் விளையவில்லை. மருத்துவ ஆய்வாளர்களும் காலையில் நாளேடு படிக்கும் மனிதர்கள்தாம் என்பதை அந்த ஆய்வைப் படித்தபோது நான் மிகுந்த மரியாதையுடன் உணர்ந்தேன்.

இதைப் போன்றதே, இதழில் வருமுன்பே கட்டுரைகளைப் பதிவேற்ற இயற்பியலாளர்கள் பயன்படுத்தும் ‘ஆர்க்கைவ்’ இணையதளத்தின் கதை. பால் ஜின்ஸ்பார்க் 1991-இல் தொடங்கிய அந்தத் தளத்தில், ஒவ்வொரு நாளும் குறித்த நேரத்திற்குப் பிறகு வந்து சேரும் கட்டுரைகள் மறுநாள் பட்டியலில் வந்த வரிசையிலேயே இடம்பெற்றன. பட்டியலின் தலைப்பில் நின்ற கட்டுரைகள் பின்னாளில் அதிக மேற்கோள்களைப் பெற்றிருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். தம் கட்டுரையை உயர்வாக மதிப்பவர்கள் கெடு முடிந்த நொடியிலேயே பதிவேற்றக் காத்திருப்பார்கள் என்பது ஒரு காரணம்; ஆனால் தற்செயலாக முதலிடத்தில் விழுந்தவற்றிற்கும் ஓரளவு ஆதாயம் இருந்தது. ஒரு கட்டுரையின் எதிர்காலத்தில் சில நொடிகளுக்கும் பங்கு உண்டு என்பது கலங்க வைக்கும் செய்தி.

இவ்வளவு நேரம் கண்ணில் படுவதைப் பற்றிப் பேசினேன். படிக்காமலேயே எடுத்தாள்வது அதைவிடக் கனமான செய்தி. அதில் எனக்கும் பங்கு உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு கட்டுரையை அனுப்ப வேண்டிய கடைசி இரவில், மூலத்தைத் திறந்து பார்க்காமல், பிறர் ஆய்வுகளைத் தொகுத்துரைக்கும் ஒரு மீளாய்வுக் கட்டுரையின் பட்டியலிலிருந்து ஐந்து மேற்கோள்களை அப்படியே எடுத்து ஒட்டினேன். மதிப்பாய்வாளர்களுள் ஒருவர், அவற்றுள் ஒன்றின் பக்க எண் தவறு என்றும், அந்தத் தவறு எந்த மீளாய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது என்பதும் தமக்குத் தெரியும் என்றும் குறிப்பு எழுதியிருந்தார். வேறு ஒரு சொல்லும் எழுதவில்லை. அந்தக் குறிப்பை நான் இன்றும் வைத்திருக்கிறேன்.

அச்சுப்பிழை இப்படித் தடம் காட்டிக்கொடுக்கும் என்பதை மிகைல் சிம்கினும் வாணி ராய்சவுத்ரியும் 2003-இல் ஒரு கணக்காகவே ஆக்கினார்கள். 4,300 முறை மேற்கோள் காட்டப்பட்ட புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் விவரங்கள் பிழையாக எழுதப்பட்ட இடங்களைத் தேடினார்கள். 196 பிழைகள் இருந்தன. ஆனால் வெவ்வேறு பிழைகள் 45 மட்டுமே. ஒரே தவறான பக்க எண் 78 முறை திரும்பத் திரும்ப வந்திருந்தது. எழுபத்தெட்டுப் பேர் தனித்தனியே ஒரே பிழையைச் செய்திருக்க வாய்ப்பில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள். மேற்கோள் காட்டுபவர்களுள் மூலத்தைப் படிப்பவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரே என்பது அவர்கள் போட்ட மதிப்பீடு. அந்த மதிப்பீட்டின் அளவைப் பற்றி வாதிடலாம். பழக்கம் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

பட்டியலிலிருந்து பட்டியலுக்குத் தாவும் மேற்கோள் உயிருக்கே ஊறு செய்ததும் உண்டு. 1980-இல் மேற்சொன்ன மருத்துவ இதழின் கடிதப் பகுதியில் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் என்ற இருவரின் ஐந்து வாக்கியக் கடிதம் வந்தது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, ஒரு முறையேனும் அபின் வகை வலிநீக்கி பெற்ற 11,882 நோயாளிகளின் பதிவுகளில், முன்பு அடிமைப் பழக்கம் இல்லாதிருந்து பிறகு அடிமையானவர்களாக நான்கு பேரே தென்பட்டார்கள் என்பதுதான் அதன் சாரம். மருத்துவர்களின் பார்வையில் இருந்தவர்களைப் பற்றிய, விளக்கமான தரவு எதுவும் இணைக்கப்படாத சிறு குறிப்பு அது. வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை எடுத்துக்கொள்பவர்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. 2017-இல் கனடிய ஆய்வாளர்கள் அந்தக் கடிதத்தின் பின்தடத்தை ஆராய்ந்தபோது 608 மேற்கோள்கள் கிடைத்தன. அவற்றுள் 439, அடிமைப்பழக்கம் அரிது என்பதற்குச் சான்றாகவே அதைக் காட்டியிருந்தன. அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்ற செய்தியையே 491 கட்டுரைகள் விட்டுவிட்டிருந்தன. 1990-களின் நடுவில் ஆக்சிகான்டின் என்ற அபின் வகை மாத்திரை சந்தைக்கு வந்தபின் அந்த மேற்கோள்கள் பெருகின. இன்று அந்தக் கடிதத்தின் பக்கத்தில், அது ஆராயாமல் மிகுதியாக எடுத்தாளப்பட்டது என்று எச்சரிக்கும் ஆசிரியர் குறிப்பு இருக்கிறது. 608 என்ற எண்ணை மட்டும் பார்க்கும் குழுவுக்கு அது பெருமைக்குரிய கடிதமாகவே தோன்றும்.

ஒரு முறை எடுத்தாளப்பட்டது மறுபடியும் எடுத்தாளப்படும் என்பதற்கு டெரக் டி சோலா பிரைஸ் 1976-இல் கணித வடிவம் கொடுத்தார். புகழ் உள்ளவருக்கே மேலும் புகழ் சேரும் போக்கை மெர்ட்டன் 1968-இலேயே எழுதியிருந்தார். பணம் பணத்தோடு சேரும் என்ற பழமொழி ஆய்வுலகுக்கும் பொருந்துகிறது. இதில் சிலர் தொடக்கத்திலேயே பின்தங்குகிறார்கள். ஆய்விதழ்களின் மின்தொகுப்பான ஜேஸ்டோர் தளத்தில் உள்ள, 1779 முதல் 2011 வரையிலான கட்டுரைகளை ஆராய்ந்த ஒரு குழு, ஆண்கள் தங்கள் முந்தைய கட்டுரைகளைப் பெண்களைவிட 56 விழுக்காடு அதிகமாக மேற்கோள் காட்டுகிறார்கள் என்று கண்டது. தன் கட்டுரையைத் தானே காட்டுவதில் தவறு இல்லை. தொடர்ச்சியான பணிக்கு அது தேவையும்கூட. ஆனால் ஒருவர் தமக்குத் தாமே இட்டுக்கொள்ளும் முதல் பத்து மேற்கோள்கள்தாம் பிறர் தரும் அடுத்த இருபதுக்கு வழி திறக்கின்றன என்றால், அந்தச் சிறு வேறுபாடு காலப்போக்கில் பெருகத்தான் செய்யும்.

கட்டணமின்றிப் படிக்கக் கிடைத்தால் மேற்கோள் கூடும் என்பது பரவலான நம்பிக்கை. நானும் அப்படித்தான் நம்பினேன். 2008-இல் பிலிப் டேவிஸும் உடன் பணியாற்றியவர்களும், எந்தக் கட்டுரையைத் திறந்து வைப்பது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து ஒரு சோதனை நடத்தினார்கள். திறந்து வைத்தவற்றைப் பதிவிறக்கியவர்கள் கூடினார்கள். முதல் ஆண்டில் மேற்கோள் கூடவில்லை. எழுதுபவர்கள் பெரும்பாலும் சந்தா உள்ள நிறுவனங்களில் இருப்பவர்கள் என்பதும், திறந்த வாசலால் பயனடைந்தவர்கள் வேறு வகை வாசகர்கள் என்பதும் இதற்கு ஒரு விளக்கம். அந்த வாசகர்களுக்காகவே நான் என் கட்டுரைகளைத் திறந்து வைக்கிறேன், எண்ணிக்கைக்காக அன்று. தரவைப் பொதுவில் வைப்பது பற்றி ஹெதர் பிவோவார் செய்த ஆய்வுகளும் நிதானத்தைக் கற்பிக்கின்றன. 2007-இல் 85 ஆய்வுகளை வைத்துப் பார்த்தபோது 69 விழுக்காடு ஆதாயம் தெரிந்தது. 2013-இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை எடுத்து, மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்தபோது அது 9 விழுக்காடாகச் சுருங்கியது. தம் முந்தைய எண்ணைத் தாமே குறைத்து வெளியிட்ட அந்த நேர்மை எனக்கு அந்த எண்ணைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

கவர்ச்சிக்கும் ஒரு பங்கு உண்டு. அதே சோதனையைப் பிறர் மீண்டும் செய்து பார்க்கும் மறுசோதனையில் நிற்காத கட்டுரைகள், நின்றவற்றைவிட அதிகமாக எடுத்தாளப்பட்டிருப்பதை மார்த்தா செர்ரா-கார்சியாவும் யூரி நீசியும் 2021-இல் காட்டினார்கள். வியப்பூட்டும் முடிவு எளிதில் பரவுகிறது. மறுசோதனையில் அது விழுந்துவிட்டது என்ற செய்தி பரவுவதில்லை. அதற்குப் பின் வந்த மேற்கோள்களுள் 12 விழுக்காடு மட்டுமே அந்தத் தோல்வியைக் குறிப்பிட்டன.

இதற்கு நேர்மாறான பக்கமும் உண்டு. ஐன்ஸ்டீன், பொடோல்ஸ்கி, ரோசன் ஆகியோர் 1935-இல் எழுதிய குவாண்டம் கட்டுரை பல பத்தாண்டுகள் அதிகம் தொடப்படாமல் இருந்து, அதற்கான சோதனைக் கருவிகளும் தேவையும் பிறந்தபின் பெருமளவில் எடுத்தாளப்பட்டது. மெண்டலின் பட்டாணிச் செடி ஆய்வு 1866-இல் அச்சாகி, 1900 வரை ஏறக்குறைய யாரும் சீண்டாமல் கிடந்தது. இப்படி உறங்கி விழிக்கும் கட்டுரைகளுக்கு ‘உறங்கும் அழகி’ என்று வான் ரான் 2004-இல் பெயர் வைத்தார். ஐந்து ஆண்டுக் கணக்கை வைத்து மெண்டலை மதிப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. என் பாஸ்பரஸ் கட்டுரை அத்தகையது என்று சொல்லவரவில்லை. பதினான்கு என்பதிலிருந்து அது எத்தகையது என்று யாராலும் முடிவு கட்ட முடியாது என்று மட்டுமே சொல்கிறேன்.

படிவத்தில் அந்தக் கட்டத்தை நான் காலியாக விடவில்லை. விதிப்படி எண்களை எழுதிவிட்டு, கீழே இருந்த குறிப்புப் பகுதியில் ஒவ்வொரு கட்டுரையும் எதைக் கண்டது என்று இரண்டிரண்டு வாக்கியம் எழுதி இணைத்தேன். குழு அதைப் படிக்குமா என்பது அவர்கள் கையில். என் கையில் இருப்பது என்னுடைய மேற்கோள் பட்டியல். இப்போது எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையில் 41 மேற்கோள்கள் இருந்தன. அவற்றுள் எட்டை நான் மூலத்தில் படித்ததில்லை. சென்ற வாரம் என் மாணவியும் நானும் அந்த எட்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து படித்தோம். மூன்று தேவையற்றவை என்று தெரிந்து நீக்கினோம். நான்கு சரியாகவே இருந்தன. எஞ்சிய ஒன்று, களிமண் மிகுந்த நிலத்தில் பாஸ்பரஸ் விரைவில் கட்டுண்டுபோகும் என்பதற்குச் சான்றாக எல்லாரும் காட்டுவது. அதன் மூன்றாம் அட்டவணை, அமில மண்ணில் மட்டும்தான் அப்படி நிகழ்ந்தது என்று சொல்கிறது. எங்களுடைய மண் அமில மண் அன்று. அந்தப் பத்தியை மறுபடியும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.